வீட்டுக்கு எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர் வேண்டும்? முடிவு செய்வது உங்கள் மோட்டார்தான்!

ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கியதும் எலக்ட்ரிக்கல் கடைகளில் ஒரு கேள்வி அடிக்கடி கேட்கும். ‘வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போடலாம்னு இருக்கோம், எத்தனை கே.வி.ஏ. வாங்கலாம்?’ கடைக்காரர் பதிலுக்கு, ‘வீட்ல என்னென்ன இருக்கு?’ என்பார். ஃப்ரிட்ஜ், டி.வி., நாலு ஃபேன், மிக்ஸி, ஒரு ஏ.சி., போர் மோட்டார் என்று அடுக்குவோம். அவர் மனதுக்குள்ளேயே கூட்டி, ‘அஞ்சு கே.வி.ஏ. போட்டுக்கங்க’ என்பார். இல்லையென்றால், பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு, ‘ரெண்டு போதும்’ என்பார். இரண்டுமே தவறாகப் போக வாய்ப்பு உண்டு. ஏனென்றால், கேட்க வேண்டிய கேள்வி ‘வீட்டில் என்னென்ன இருக்கிறது’ என்பது அல்ல. ‘கரன்ட் மூன்று நாள் வராவிட்டால், எதெல்லாம் ஒரே நேரத்தில் ஓடியே ஆக வேண்டும்?’ என்பதுதான்.

மூன்று நாள் என்பது மிகையான கணக்கு இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, நகரத்துக்குள்ளேயே பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது நிலைமை இன்னும் மோசம். நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நாள்களில் மக்கள் தவித்தது விளக்குக்காக அல்ல, தண்ணீருக்காக. வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், மோட்டார் ஓட்டி டேங்க் நிரப்பிக் கொடுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கியவர்களை டெல்டா மக்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். செல்போன் சார்ஜ் போடுவதற்கும் வரிசையில் நின்றார்கள்.

ஆகவே, ஜெனரேட்டர் வாங்குவது என்று முடிவெடுத்தால், அந்த நாள்களை மனதில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். கணக்கு கடினமானதல்ல. ஒரு தாளும் பேனாவும், அரை மணி நேரமும் போதும்.

ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு விநாடி

ஒவ்வொரு சாதனத்தின் பின்புறமும் ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். அதில் எத்தனை வாட்ஸ் என்று போட்டிருப்பார்கள். எல்.இ.டி. பல்பு 9 வாட்ஸ். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்ஸ். புதிதாக வரும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 30 வாட்ஸ் சுற்றுவட்டாரம். 32 இன்ச் டி.வி. 50, 60 வாட்ஸ். வைஃபை பெட்டி 10 வாட்ஸ். மிக்ஸி 500 முதல் 750 வரை. டேபிள் டாப் கிரைண்டர் 150. இவற்றைக் கூட்டிக்கொண்டே போவது சுலபம்.

சிக்கல் ஃப்ரிட்ஜிலும் தண்ணீர் மோட்டாரிலும்தான் தொடங்குகிறது. சாலையில் நின்றுபோன காரைத் தள்ளியிருக்கிறீர்களா? அசைப்பதற்குத்தான் நாலு பேர் வேண்டும். உருள ஆரம்பித்துவிட்டால் ஒருவரே தள்ளிக்கொண்டு போய்விடலாம். மோட்டாரும் அப்படித்தான். நின்றிருக்கும் மோட்டாரைச் சுற்ற வைக்க, அது ஓடும்போது எடுப்பதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு வரை, சில மோட்டார்களில் அதற்கு மேலும், மின்சாரம் தேவை. ஒரு விநாடியோ இரண்டு விநாடியோதான். வேகம் பிடித்ததும் தானாகவே குறைந்துவிடும். மாலையில் மோட்டார் போடும்போது ஹாலில் விளக்கு ஒரு கணம் மங்கிப் பிறகு தெளிகிறது அல்லவா, அதுதான் இது.

தெரு டிரான்ஸ்ஃபார்மர் பெரியது. அந்த ஒரு விநாடி இழுப்பை அது பொருட்படுத்தாது. ஆனால், வாசலில் நிற்கும் சின்ன ஜெனரேட்டருக்கு அது மலை. இன்ஜின் ஒரு முக்கு முக்கும், வோல்டேஜ் சரியும். சரிந்த வோல்டேஜில் மோட்டாரால் வேகம் பிடிக்க முடியாமல் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே நிற்கும். அப்படியே விட்டால் காயில் புகைந்துவிடும். ஃப்ரிட்ஜாக இருந்தால் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆக முயன்று, ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்று, சில நிமிடம் கழித்து மறுபடியும் முயலும். அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால், ஜெனரேட்டர் போதவில்லை என்று பொருள். சிறிய ஜெனரேட்டர் வாங்கி மிச்சம் பிடித்த பணம், ஃப்ரிட்ஜ் கம்ப்ரசருக்குப் போய்விடும்.

ஒரு வீட்டின் கணக்கு

வேதாரண்யம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தாத்தாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. தண்ணீருக்கு போர்வெல்லில் இறக்கிய 1 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார்.

முதலில் இரவுக் கணக்கு. நான்கு பல்பு 40 வாட்ஸ் என்று வையுங்கள். இரண்டு ஃபேன் 150. டி.வி. 60. வைஃபை 10. நான்கு செல்போன் சார்ஜர் 60. 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், ஓடும்போது தாராளமாகப் போட்டால் 150. மொத்தம் 470 வாட்ஸ். இதற்கு மேல் ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும் இழுப்பு இருக்கிறது. 150 எடுக்கிற ஃப்ரிட்ஜ் அந்தக் கணத்தில் 800 வரை கேட்கும் என்று வைத்தால், கூடுதல் 650. ஆக 1,120 வாட்ஸ். ஜெனரேட்டரை எப்போதும் கழுத்தைப் பிடித்து ஓட்டக் கூடாது என்பதற்காகக் கால் பங்கு சேர்த்தால் 1,400.

இந்த வீட்டுக்கு இரவைக் கழிக்க 2 கே.வி.ஏ. போதும். அதுவே கொஞ்சம் தாராளம்தான். கையால் இழுத்து ஸ்டார்ட் செய்கிற, இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடக்கூடிய பெட்ரோல் ஜெனரேட்டர்.

இப்போது மோட்டாருக்கு வாருங்கள். 1 எச்.பி. என்பது 746 வாட்ஸ். ஆனால், அது மோட்டார் வெளியே கொடுக்கிற உழைப்பு. கரன்ட்டாக உள்ளே எடுப்பது 1,100 வாட்ஸை ஒட்டி இருக்கும். ஸ்டார்ட் ஆகும்போது 3,500 முதல் 5,000 வரை போகும். இதைக் கவலையில்லாமல் ஓட்ட 5 கே.வி.ஏ. வேண்டும்.

ஆக, ஒரே வீடு. விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ், டி.வி. எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 கே.வி.ஏ. ஒரே ஒரு தண்ணீர் மோட்டாருக்கு 5 கே.வி.ஏ. இந்த மோட்டார் ஒரு நாளில் ஓடுவது அரை மணி நேரம்! அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது, எடை ஏறுகிறது, பெட்ரோல் செலவும் ஏறுகிறது. எல்லாவற்றையும் வெறுமனே கூட்டினால் 2,300 வாட்ஸ்தான் வரும் (மிக்ஸியும் சேர்த்து). அதை நம்பி 3 கே.வி.ஏ. வாங்கியவர்கள்தான், ‘விளக்கெல்லாம் எரியுது, மோட்டார் மட்டும் எடுக்க மாட்டேங்குது’ என்று வயர்மேனைக் கூப்பிடுகிறார்கள்.

இங்கேதான் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. மோட்டாரை ஜெனரேட்டரில் ஓட்டித்தான் ஆக வேண்டுமா? புயல் எச்சரிக்கை வந்த அன்றே 1,000 லிட்டர் டேங்க், தொட்டி, குடம், அண்டா என்று எல்லாவற்றையும் நிரப்பிவிட்டால், ஆறு பேருக்குச் சிக்கனமாக மூன்று நாள் ஓடும். தெருவில் அடிபம்பு இருக்கிறதா? தரைத்தொட்டி வைத்திருக்கும் வீடு என்றால், அதிலிருந்து மாடிக்கு ஏற்ற அரை எச்.பி. மோட்டாரே போதும். அதற்கு 2.5 கே.வி.ஏ. சமாளித்துவிடும், ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மற்றவற்றை நிறுத்தி வைத்தால்.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தமானது. ஆளுக்கொரு 2 கே.வி.ஏ. வாங்கும் நான்கைந்து வீடுகள், மோட்டாருக்கென்று ஒரே ஒரு 5 அல்லது 7.5 கே.வி.ஏ. ஜெனரேட்டரைச் சேர்ந்து வாங்கலாம். வீட்டுக்கு அரை மணி நேரம் என்று முறை வைத்தால் காலைக்குள் தெருவுக்கே தண்ணீர் ஏறிவிடும். வாங்க மனமில்லை என்றால், பந்தல் கடையிலோ சவுண்ட் சர்வீஸிலோ வாடகைக்குப் பேசி வைக்கலாம். ஆனால், புயலுக்கு முன்பே பேசிவிட வேண்டும். அடித்து ஓய்ந்த மறுநாள் போனால் வாடகை அவர்கள் சொல்வதுதான், வண்டியும் கிடைக்காது.

இவற்றுக்கு இடமில்லை

சூடாக்குகிற எதையும் ஜெனரேட்டர் பட்டியலில் சேர்க்காதீர்கள். கீசர் 2,000 வாட்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வரை, கெட்டில் 1,500, அயர்ன் பாக்ஸ் 1,000. புயல் நாளில் வெந்நீர் வேண்டுமென்றால் கேஸ் அடுப்பு இருக்கிறது. அயர்ன் செய்யாத சட்டையைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இண்டக்‌ஷனில் மட்டுமே சமைக்கிற வீடு என்றால், ஒரு சின்ன கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வைத்துக்கொள்வது, அதற்காகப் பெரிய ஜெனரேட்டர் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

ஏ.சி. பற்றிக் கேட்காதவர்களே இல்லை. பழைய மாடல் ஒன்றரை டன் ஏ.சி. என்றால் தண்ணீர் மோட்டாரைவிட மோசமாக இழுக்கும், 5 கே.வி.ஏ.யே திணறலாம். இன்வெர்ட்டர் ஏ.சி. மெதுவாக வேகம் பிடிக்கும் வகை. அதிகபட்சம் 1,600, 1,800 வாட்ஸைத் தாண்டாது. ஒரே ஒரு அறை, ஒரே ஒரு இன்வெர்ட்டர் ஏ.சி. என்று கட்டுப்படுத்திக்கொண்டால் மற்ற அத்தியாவசியங்களோடு 3.5 கே.வி.ஏ.யில் அடங்கும். புதிய இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜுக்கும் இதே சலுகை உண்டு. ஸ்டார்ட் இழுப்பு குறைவு.

வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 5 லிட்டர் மெஷின் 350 வாட்ஸ் வரை எடுக்கும், அதுவும் நிற்காமல். அப்படிப்பட்ட வீட்டில் பட்டியலின் முதல் வரி அதுதான். அதற்குத் துணையாக ஒரு சிலிண்டரும் இருக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றுகிற ஐந்து நிமிடம் ஜெனரேட்டர் நின்றாக வேண்டும் அல்லவா? ஓடும்போது, சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது.

இன்சுலின், ஃப்ரிட்ஜ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. ஃப்ரிட்ஜை இருபத்துநாலு மணி நேரமும் ஓட்ட வேண்டியதில்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். காலையில் இரண்டு மணி நேரம், மதியம் கொஞ்சம், இரவில் மூன்று மணி நேரம் என்று விட்டுவிட்டு ஓட்டினாலே சமாளிக்கலாம். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உபயோகத்தில் இருப்பதை, அதிக வெயில் படாத குளுமையான இடத்தில் சில வாரம் வெளியிலேயே வைக்கலாம். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே!

இருந்தால் ரொம்ப நல்லது. ஜெனரேட்டரின் அளவைக் குறைக்கும் முதல் வழி அதுதான். 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று இருந்தால், ஏறக்குறைய 1,200 வாட்ஸ் அவர் மின்சாரத்தை நடைமுறையில் எடுக்கலாம். இரண்டு ஃபேன், சில விளக்குகள் என்று 200 வாட்ஸ் ஓட்டினால் ஆறு மணி நேரம். இரவு தூங்கும் நேரத்தை இன்வெர்ட்டரிடம் கொடுத்துவிட்டு, ஜெனரேட்டரை முன்னிரவிலும் காலையிலும் மட்டும் ஓட்டலாம். தெருவே உறங்கும்போது பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் இரைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால், கணக்கில் பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. ஜெனரேட்டர் கரன்ட் வீட்டுக்குள் வந்ததும், காலியான பேட்டரியை இன்வெர்ட்டர் சார்ஜ் செய்ய ஆரம்பித்துவிடும். அதற்கே 250, 300 வாட்ஸ் போகும். மேலே போட்ட 470-இல் இதையும் சேர்த்தால் 770. ஸ்டார்ட் இழுப்போடு 1,420. கால் பங்கு சேர்த்தால் 1,775. 2 கே.வி.ஏ. தாராளம் என்று சொன்னோம், இப்போது அது இறுக்கமாகிவிட்டது. 2.5 கே.வி.ஏ.வுக்குப் போகலாம், அல்லது டி.வி.யைத் தியாகம் செய்யலாம். சில ஜெனரேட்டர்களின் கரன்ட் ஒரே சீராக இராததால் இன்வெர்ட்டர் அதை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டரின் பின்புறம் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால், நார்மலுக்கு மாற்றிப் பாருங்கள்.

மாடியில் சோலார் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், இ.பி. கரன்ட் போனால் தானும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும். லைனில் வேலை பார்ப்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ‘சோலார் இருக்கே, ஜெனரேட்டர் எதுக்கு’ என்று விட்டுவிட வேண்டாம். ஜெனரேட்டர் ஓடும்போது அந்த சோலார் லைன் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் வயர்மேனிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

கடையில் கேட்க வேண்டியது

கணக்கு வாட்ஸில் வந்திருக்கிறது. கடையில் கே.வி.ஏ.வில் பேசுவார்கள். பொதுவாக, கே.வி.ஏ.வை 0.8-ஆல் பெருக்கினால் கிலோவாட். 2 கே.வி.ஏ. என்றால் 1.6 கிலோவாட். சில சின்ன மாடல்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். தகட்டைப் பார்ப்பதுதான் உறுதி. அதே தகட்டில் இரண்டு எண்கள் இருக்கலாம்: ஒன்று தொடர்ந்து கொடுப்பது, மற்றது அதிகபட்சம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அதிகபட்சம். நீங்கள் நம்ப வேண்டியது தொடர்ந்து கொடுப்பதை.

வாங்குவதற்கு முன் 200, 300 ரூபாய் செலவழித்து ஒரு நல்ல வயர்மேனை வீட்டுக்கு வரவழையுங்கள். டாங் டெஸ்டர் என்று ஒன்று வைத்திருப்பார். வயரைக் கவ்விப் பிடித்தால் எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும். மோட்டாரைப் போடச் சொல்லி, ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் வி.ஏ. ஆயிரத்தால் வகுத்தால் கே.வி.ஏ. ஸ்டார்ட் இழுப்பு கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்பதால், உச்ச அளவைப் பிடித்து வைக்கிற வகை டெஸ்டராக இருந்தால் நல்லது. பத்து வருடத்து மோட்டார் தகட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக எடுப்பது சகஜம். அதனால்தான் இந்த அளவு, எந்த அட்டவணையையும்விட நம்பகமானது.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. 15 கே.வி.ஏ. மூன்று ஃபேஸ் ஜெனரேட்டர் என்றால், ஒரு ஃபேஸுக்கு 5 கே.வி.ஏ.தான். ஏ.சி., மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே ஃபேஸில் இருந்தால், 15 வாங்கியும் 5-இன் பலன்தான். வீட்டில் மூன்று ஃபேஸ் மோட்டார் இல்லையென்றால் சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டரே புத்திசாலித்தனம். அத்தியாவசியமானவற்றை ஒரே வரிசையில் கொண்டுவர வயர்மேனுக்கு அரை நாள் வேலைதான்.

‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று பெரிதாக வாங்கிப் போடுவதும் நல்லதல்ல. டீசல் இன்ஜினை அதன் சக்தியில் 30 சதவிகிதத்துக்கும் கீழே நீண்ட நேரம் ஓட்டினால், எரிபொருள் முழுதாக எரியாமல் கரி படியும், புகைக்குழாயில் எண்ணெய் கசியும். 10 கே.வி.ஏ.வில் இரண்டு ஃபேன் ஓட்டுவது, லாரியில் ஒரு மூட்டை அரிசி ஏற்றிப் போவதுபோல. பெட்ரோலும் சும்மா கிடைப்பதில்லை. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் கரன்ட்தான் தரும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், ஒரு யூனிட் 65 முதல் 100 ரூபாய்! இரவுக் கணக்கில் சொன்ன 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால், நான்கைந்து லிட்டர் ஆகும். மூன்று நாளுக்கு 15 லிட்டர். கரன்ட் இல்லாத ஊரில் பெட்ரோல் பங்க்கும் ஓட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

டீசலா பெட்ரோலா என்ற குழப்பம் 5 கே.வி.ஏ.க்கு மேல் போகிறவர்களுக்குத்தான். அதற்குக் கீழே பெட்ரோல்தான் நடைமுறை. டீசல் வாங்கினால் ஒலித்தடுப்புப் பெட்டியோடு வருவதை வாங்குங்கள். பெட்டிக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. 2023 ஜூலை முதல் புகைக்கும் கடுமையான புதிய விதி வந்திருக்கிறது. பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி என்று தள்ளிவிடப் பார்த்தால் கவனம். லேப்டாப், மருத்துவக் கருவி ஓட்ட வேண்டுமென்றால் ‘இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்’ என்ற வகையைக் கேளுங்கள். சீரான கரன்ட் தரும், சத்தம் குறைவு. விலைதான் கூடுதல்.

இரண்டு உயிர்கள்

அளவு சரியாக வாங்கினாலும், வைக்கிற இடமும் இணைக்கிற விதமும் தவறினால் உயிர் போகும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை.

முதலாவது, வீட்டில் உறங்குகிறவர்களின் உயிர். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தை இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம் என்று வந்து, எழுந்திருக்க முடியாமலே போய்விடும். 2020-இல் அமெரிக்காவின் லூசியானாவை லாரா புயல் தாக்கியபோது இறந்தவர்களில் கணிசமானவர்கள் காற்றாலோ வெள்ளத்தாலோ இறக்கவில்லை. ஜெனரேட்டர் புகையால் இறந்தார்கள். மழை பெய்கிறது, திருடு போய்விடும் என்று நம் வீடுகளில் ஜெனரேட்டரை ஹாலை ஒட்டிய வராண்டாவிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, கார் ஷெட்டிலோ வைக்கிறார்கள். ஷட்டரைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்தவெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசை பார்க்க இருக்க வேண்டும். மேலே தகரக் கூரை போடலாம், சுவர் கூடாது. அவ்வளவு இடம் வீட்டில் இல்லையென்றால், ஜெனரேட்டர் உங்களுக்கு ஏற்றதல்ல. பெரிய பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்குங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

இரண்டாவது, லைன்மேனின் உயிர். இரு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரைத் தயாரித்து, ஜெனரேட்டரிலிருந்து சுவர் பிளக்கில் சொருகிவிட்டால் வீடு முழுக்கக் கரன்ட் வரும். பலரும் செய்கிறார்கள். மெயினை ஆஃப் செய்ய மறந்தால், அந்தக் கரன்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறும். 11,000 வோல்ட்டை 230 ஆக்குகிற அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்த்திசையில் 230-ஐ 11,000 ஆக்கிவிடும். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர், புயலுக்குப் பிறகு வெளி மாவட்டத்திலிருந்து வந்து, சாப்பாடு தூக்கமில்லாமல் நம் தெருவுக்குக் கரன்ட் கொடுக்க உழைத்துக்கொண்டிருப்பவர். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் ஒன்றைப் போட்டுவிட்டால் இது நடக்கவே முடியாது. இ.பி. அல்லது ஜெனரேட்டர், ஏதாவது ஒன்றில்தான் அது நிற்கும். ஜெனரேட்டருக்குத் தனி எர்த் குழியும் போடுங்கள்.

ஓட்டும்போது

எல்லா ஸ்விட்சையும் ஆஃப் செய்துவிட்டு ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு, மூன்று நிமிடம் சும்மா ஓடட்டும். பிறகு, இருப்பதிலேயே அதிகமாக இழுக்கிற மோட்டாரை முதலில் போடுங்கள். அது வேகம் பிடித்த பிறகு ஃப்ரிட்ஜ். கடைசியாகத்தான் ஃபேன், விளக்கு, டி.வி. எல்லோரும் ஆளுக்கொரு ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு சரியாக வாங்கிய ஜெனரேட்டரும் திணறும். நிறுத்தும்போது இதற்கு நேர்மாறு. ‘முதலில் எது, பிறகு எது’ என்று ஒரு அட்டையில் எழுதி மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அப்பா வெளியூரில் இருக்கும் நாளில்தான் புயல் வரும். பாட்டியும் பிள்ளைகளும் படித்துப் பார்த்துச் செய்யும்படி பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பொது ஜெனரேட்டர்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் 500 வாட்ஸோ ஒரு கிலோவாட்டோ ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் ஒதுக்கீடு எவ்வளவு என்று அசோசியேஷனில் கேட்டு, மேலே சொன்ன இரவுக் கணக்கை அதற்குள் அடக்கிக்கொள்ளுங்கள். அந்த லைனில் ஒருவர் கெட்டில் போட்டால் அவர் வீட்டு ட்ரிப் மட்டும் விழும் என்றால் பரவாயில்லை. சில பழைய கட்டடங்களில் தளமே இருளும்.

வாங்கிய பிறகு மூடி வைத்துவிட்டால், தேவைப்படும் அன்று அது ஸ்டார்ட் ஆகாது. மாதம் ஒரு முறை பதினைந்து நிமிடம், சும்மா அல்ல, ஃப்ரிட்ஜையும் இரண்டு ஃபேனையும் போட்டே ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் ஆயிலைக் குச்சியில் பாருங்கள். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், டேங்கில் மிஞ்சிய பெட்ரோலை வடித்து வண்டியில் ஊற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஜெனரேட்டரை ஓடவிட்டு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசுபிசுத்து, கார்புரேட்டரின் சின்னத் துளையை அடைத்துவிடும். அடுத்த ஐப்பசியில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிப்பது பெரும்பாலும் அதனால்தான்.